ஸ்கைரிம்: மாட் போடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க

போன வாரம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் டீக்கடையில வச்சு என்னைப் பிடிச்சுக்கிட்டான்.

"ஜி, ஸ்கைரிம் ஆஃபர்ல வாங்கிட்டேன். என்னென்ன மாட் போடணும்னு ஒரு லிஸ்ட் குடுங்களேன்."

"எத்தனை மணி நேரம் ஆடியிருக்க?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல ஜி. மாட் எல்லாம் போட்டு செட் பண்ணிட்டு அப்புறமா ஆரம்பிக்கலாம்னு..."

நாலு வருஷத்துக்கு முந்தின என்னையே கண்ணாடியில பார்த்த மாதிரி இருந்துச்சு. அவன் கேட்ட லிஸ்ட்டை நான் குடுக்கலை. ஏன் குடுக்கலைங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காதவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஸ்கைரிம்ங்கிறது பெதெஸ்டா கம்பெனி 2011 நவம்பர் 11-ம் தேதி வெளியிட்ட கேம். பனி, மலை, டிராகன், வாள், மந்திரம். கதைப்படிதான் போகணும்னு கட்டாயம் இல்லை. ஊர் ஊரா சுத்தலாம், வீடு வாங்கலாம், கல்யாணம் பண்ணிக்கலாம், குழந்தையைத் தத்து எடுக்கலாம். 2016-ல 64 பிட்டுக்கு மாத்தி ஸ்பெஷல் எடிஷன்னு ஒண்ணு விட்டாங்க, 2021-ல ஆனிவர்சரி எடிஷன்னு இன்னொண்ணு. கேமை ஆடுறவங்களே சொந்தமா எழுதி சேர்க்கிற மாற்றங்களுக்குப் பேருதான் மாட். நெக்ஸஸ் தளத்துல பழைய பதிப்பு, புதுப் பதிப்பு ரெண்டுக்கும் சேர்த்து லட்சத்துக்கு மேல மாட் கிடக்கு. டிராகனுக்குப் பதிலா தாமஸ் ரயில் எஞ்சின் பறந்து வந்து நெருப்பு கக்குற மாட் கூட இருக்கு. சத்தியமா.

ஒரு தடவை அம்மா போன்ல "என்னடா பண்ற?"ன்னு கேட்டதுக்கு "மாட் போட்டுக்கிட்டு இருக்கேன்மா"ன்னு சொல்லிட்டேன். "பெங்களூர்ல மாடு கட்ட எடம் ஏதுடா?"ன்னாங்க. அம்மா கேட்டதுலயும் ஒரு நியாயம் இருக்கு. மாடு வாங்குறவன் மொதல்ல கட்ட எடம் இருக்கா, தீவனம் யாரு போடுறதுன்னு யோசிப்பான். மாட் போடுற நாமதான் எதையும் யோசிக்கிறதில்ல :-)

சரி, மேட்டருக்கு வருவோம். என் கட்சி இதுதான்: புதுசா ஆடுறவங்க முதல் 15, 20 மணி நேரம் ஒரு மாட் கூட போடக் கூடாது. பக்கத்துல ஒரு பேப்பர் வச்சுக்கிட்டு, ஆடும்போது எதெது எரிச்சலாக்குதோ அதை மட்டும் எழுதணும். அப்புறம் அந்தப் பேப்பர்ல இருக்கிற புகாருக்கு மட்டும் மாட் தேடணும். "கண்டிப்பா போட வேண்டிய 100 மாட்" மாதிரி லிஸ்ட் எல்லாம் அடுத்தவனோட புகார் பட்டியல். 500 மணி நேரம் ஆடி அலுத்துப் போனவன் எழுதினது. அவனுக்கு ஆரம்பக் காட்சி போரடிக்குது, அதனால கதையை வேற எடத்துல இருந்து ஆரம்பிக்கிற மாட் போடுறான். நீங்க அந்த ஆரம்பக் காட்சியை இன்னும் ஒரு தடவை கூடப் பார்க்கலையே சாமி!

இதை நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2022-ல ஊருக்குப் போயிருந்தப்ப என் லேப்டாப்ல ஸ்கைரிம் இருந்துச்சு. ஏதோ ஒரு பத்து மாட் போட்டு வச்சிருந்தேன். தம்பி அப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம், செமஸ்டர் லீவு. "அண்ணே, நான் ஆடவா?"ன்னான். ஆடுன்னு குடுத்தேன். நான் வீட்டுல இருந்தே வேலை பார்த்த காலம். பகல்ல ஆபீஸ் லேப்டாப்ல நான் ஆணி புடுங்குவேன், பக்கத்துல அவன் என் லேப்டாப்ல டிராகன் அடிப்பான். கேரக்டருக்கு முனியாண்டின்னு பேரு வச்சான். ஏழடி உயர நார்ட் வீரன், கையில கோடாலி, பேரு முனியாண்டி. வீடே சிரிச்சுது.

மூணு, நாலு வாரத்துல 70 மணி நேரம் ஆடிட்டான். ஒயிட்ரன் ஊர்ல 5000 தங்கம் குடுத்து வீடு வாங்கினான். விண்ட்ஹெல்ம்ல பனியில நின்னு பூ விக்கிற சோஃபிங்கிற சின்னப் பொண்ணைத் தத்தெடுத்து அந்த வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தான். ராத்திரி கேமை மூடுறதுக்கு முன்னாடி முனியாண்டியை வீட்டுக்குக் கொண்டு போய் விட்டுட்டுத்தான் மூடுவான். "புள்ள தனியா இருக்கும்ணே"ம்பான். கிண்டல் பண்ணியிருக்கேன். ஆனா அது எனக்குப் பிடிச்சிருந்தது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு ஞானோதயம் வந்துச்சு. எங்கேயோ ஒரு லிஸ்ட் படிச்சேன். புல், மரம், தண்ணி, மேகம், சண்டை, ஊர், உடை எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணா ஏத்தி, விடியற்காலை நாலு மணிக்கு 140 மாட். புதுசு போட எடம் வேணுமேன்னு பழசுல சிலதைத் தூக்கினேன். அதுல பசி, குளிர், தூக்கம் எல்லாம் கணக்குப் பாக்குற ஒரு மாடும் போச்சு. முனியாண்டி அந்த மாடோடதான் 70 மணி நேரம் வாழ்ந்திருக்கான்ங்கிறது எனக்குத் தோணவே இல்லை.

மறுநாள் தம்பி சேவை லோட் பண்ணினான். "இந்த சேவ்ல இருந்த சிலது இப்ப இல்லை, பரவாயில்லையா"ங்கிற மாதிரி கேம் ஒரு எச்சரிக்கை காட்டும். ஓகே குடுத்தான். ஒரு மணி நேரம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் ஒயிட்ரன் வாசல்ல கேம் மூடிக்கிட்டு டெஸ்க்டாப்ல வந்து விழுந்தது. மறுபடி லோட், மறுபடி விழுந்தது. அவன் எப்பவும் குவிக் சேவ் ஒண்ணு மட்டுமே போடுறவன். அந்த ஒரு மணி நேரத்துல ஆட்டோ சேவ், குவிக் சேவ் எல்லாமே புது நிலைமையில எழுதப்பட்டாச்சு. பழசுன்னு ஒண்ணு இல்லவே இல்லை.

ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன். சேவ் ஃபைலைச் சுத்தம் பண்ற டூல் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல. அவன் சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "பரவால்லண்ணே, காலேஜும் தொறந்துரும்ல"ன்னான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் மூணு வருஷம் அந்த கேமை அவன் தொடவே இல்லை.

இன்ஜினியரிங் படிச்சு, மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குறவன் நான். ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது 140 மாற்றத்தை ஒட்டுக்கா ப்ரொடக்‌ஷன்ல ஏத்தினா அவனை என்ன பண்ணுவோம்? அதைத்தான் தம்பி சேவ்ல நான் பண்ணினேன். ஏன் உடைஞ்சுதுன்னு அப்புறமா உக்காந்து படிச்சேன். இதுல மூணு விஷயம் ஆரம்பத்துல தெரிஞ்சா போதும்.

ஒண்ணு: எல்லா மாடும் ஒரே சாதி இல்லை. சுவர், மரம், துணி இதுகளோட தோற்றத்தை மட்டும் மாத்துற டெக்ஸ்ச்சர், மெஷ் மாட் எல்லாம் பெயிண்ட் அடிக்கிற மாதிரி. பிடிக்கலைன்னா எடுத்துடலாம், பெரும்பாலும் சேவுக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்கிரிப்ட் ஓட்டுற மாட் அப்படி இல்லை. ஸ்கைரிமோட ஸ்கிரிப்ட் மொழிக்கு பாப்பிரஸ்னு பேரு. ஓடிக்கிட்டிருக்கிற ஸ்கிரிப்ட்டோட நிலைமை உங்க சேவ் ஃபைலுக்குள்ளயே எழுதப்படும். மாட்டைத் தூக்கினாலும் அதோட மிச்சம் சேவ்ல இருக்கும். அதனால ஸ்கிரிப்ட் மாட் போட்டா அந்தக் கேரக்டர் ஆயுசு முழுக்க வச்சிருக்கணும். தாலி கட்டின மாதிரி.

ரெண்டு: கடைசியா வர்றவன் ஜெயிப்பான். மாட்களை கேம் ஒரு வரிசையில படிக்கும், அதுதான் லோட் ஆர்டர். ரெண்டு மாட் ஒரே ஆளைத் தொட்டா, வரிசையில பின்னாடி வர்றதோட பதிவு முழுசா நிக்கும். ரெண்டையும் கலந்து தராது. லிடியான்னு உங்க கூடவே வர்ற ஒரு வீராங்கனை இருக்காங்க. ஒரு மாட் அவங்க முகத்தை மாத்துது, இன்னொரு மாட் அவங்க கவசத்தை மாத்துதுன்னு வைங்க. கவச மாட் பின்னாடி வந்தா, முகத்துக்கான ஃபைல் ஒரு மாட்ல இருந்தும் ஆளோட விவரம் இன்னொரு மாட்ல இருந்தும் வரும். ரெண்டும் ஒத்துப் போகாம லிடியா கரி பூசின மூஞ்சியோட வந்து நிப்பாங்க. லூட்னு ஒரு டூல் வரிசையை ஓரளவு அடுக்கித் தரும். எங்க மோதுதுன்னு எக்ஸ்-எடிட்ல சிவப்பாத் தெரியும். ஆனா எந்தப் பக்கம் ஜெயிக்கணும்னு முடிவு பண்ண வேண்டியது நீங்கதான். அஞ்சு மாட்டுக்குப் பண்ணலாம். முதல் நாளே 140 மாட்டுக்கு?

மூணு: வெர்ஷன். எஸ்கேஎஸ்இ-ன்னு ஒண்ணு இருக்கு, ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர். பல நல்ல மாட்டுக்கு இது அடித்தளம். இது கேமோட எக்ஸிகியூட்டபிள் ஃபைலைக் குறி வச்சு எழுதினது. கேம் அப்டேட் ஆனா இதுவும் அதுக்கேத்த மாதிரி மாறணும். 2021 நவம்பர்ல ஆனிவர்சரி அப்டேட் வந்தப்ப இதை நம்பியிருந்த மாட்கள் கூட்டம் கூட்டமா நின்னு போச்சு, திரும்ப எழுத வேண்டி வந்துச்சு. மாட் பக்கங்கள்ல 1.5.97, 1.6.640, 1.6.1170-ன்னு நம்பர் போட்டிருப்பாங்களே, அது இதுக்குத்தான். உங்க கேம் எந்த நம்பர்னு பாத்துட்டு டவுன்லோட் பண்ணுங்க. 2011 பதிப்பு மாட்டை ஸ்பெஷல் எடிஷன்ல அப்படியே போடாதீங்க. ஸ்டீம்ல "நான் ஆரம்பிக்கும்போது மட்டும் அப்டேட் பண்ணு"ங்கிற செட்டிங்கை வச்சுட்டு, கேமை எஸ்கேஎஸ்இ வழியாவே திறங்க.

"சின்ன மாட்தானே, என்ன ஆயிடும்?"னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கதை. ஸ்கைரிம் உருவாக்கத்துல வேலை பார்த்த நேட் பர்க்கிபைல் 2021-ல சொன்னது. ஆரம்பக் காட்சியில கைதிகளை மாட்டு வண்டி... ச்சே, குதிரை வண்டியில கூட்டிக்கிட்டு வருவாங்க. அவங்க அதை உருவாக்கிக்கிட்டு இருந்தப்ப எப்பவாவது ஒரு தடவை அந்த வண்டி திடீர்னு ஆடி, ராக்கெட் மாதிரி வானத்துக்குப் போயிடுமாம். தேடித் தேடிப் பார்த்தா காரணம் ஒரு தேனீ! மருந்து காய்ச்ச தேனீயைப் பிடிக்க முடியலைன்னு ஒரு பிழையைச் சரி பண்ணியிருக்காங்க. அந்தத் திருத்தத்தால தேனீ எதுவாலும் நகர்த்த முடியாத பொருளா மாறிடுச்சு. வண்டி அது மேல மோதினா வண்டிதான் பறக்கும். கேமை எழுதினவங்களுக்கே ஒரு தேனீயால இந்த கதின்னா, மூலக் கோடு கையில இல்லாத நாம எம்மாத்திரம்?

இதுக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் எதிர்ப்பு வரும்னு தெரியும்.

"அதான் வபாஜாக் இருக்கே, நெக்ஸஸ்லயே கலெக்‌ஷன்ஸ் இருக்கே. ஒரு கிளிக், யாரோ சோதிச்சு வச்ச நூத்துக்கணக்கான மாட் அப்படியே வந்துடும். நீ ஏன் மண்டையை உடைச்சுக்கிற?"ன்னு ஒரு கட்சி. உண்மைதான், ரொம்ப உழைச்சுத் தொகுத்திருக்காங்க, நானாப் போட்ட 140-ஐ விட ஆயிரம் மடங்கு உறுதியா ஓடும். ஆனா அது நல்ல வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது. நடுவுல நீங்களா ஒரு மாட் சேர்த்தா, என்ன ஆச்சுன்னு அதைத் தொகுத்தவராலயும் சொல்ல முடியாது. அதை விட முக்கியம், எது அசல் ஸ்கைரிம், எது மாட்னே தெரியாம ஆடுவீங்க. ஒரு ரவுண்டு அசலை ஆடினவங்களுக்கு அது விருந்து. முதல் தடவை ஆடுறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

"மாடே வேண்டாம், அசல்தான் அழகு"ன்னு இன்னொரு கட்சி. அதுவும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஃபார்காட்டன் சிட்டின்னு 2015-ல ஒரு மாட் வந்துச்சு. நிலத்தடி நகரம் ஒண்ணு. யாராவது ஒருத்தர் தப்பு பண்ணினா ஊரே அழியும். கதை எழுத்துக்கு ஆஸ்திரேலியாவுல எழுத்தாளர் சங்க விருது வாங்கினது. 2021-ல அது தனி கேமாவே வந்துடுச்சு. அசல் கேம்ல இருக்கிற பல பணிகளை விட நல்லா இருக்கும். மாட் வேண்டாம்னு இருந்தா இதெல்லாம் இழப்பு. நான் சொல்றது வரிசையை மட்டும்தான். முதல்ல கேம், அப்புறம் புகார், அதுக்கப்புறம் மாட்.

பேப்பர் விதிக்கு ஒரே ஒரு விலக்கு குடுக்கலாம்: அன்அஃபிஷியல் பேட்ச். பல வருஷமா தன்னார்வலர்கள் சேர்ந்து கேமோட பிழைகளைத் திருத்திக்கிட்டு வர்ற மாட். நடுவழியில சிக்கி நிக்கிற பணிகள் இதனால முடியும். உங்க வெர்ஷனுக்கு ஏத்ததைப் பாத்து ஆரம்பத்துலயே போட்டுக்கலாம்.

மத்ததுக்கு நான் கடைப்பிடிக்கிற நடைமுறை:

- மாட் ஆர்கனைசர் 2 இல்லை வார்டெக்ஸ், ரெண்டுல ஒண்ணு வழியாத்தான் மாட் போடணும். கையால ஃபைலை இழுத்து கேம் ஃபோல்டர்ல போடாதீங்க. மாட் ஆர்கனைசர் கேம் ஃபோல்டரைத் தொடாது. ஆளுக்கொரு ப்ரொஃபைல், தனித்தனி சேவ் வச்சுக்கலாம். இதை 2022-ல நான் பண்ணியிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.
- மாட் பக்கத்துல படங்களைப் பாக்குறதுக்கு முன்னாடி, வேற எதெல்லாம் தேவைன்னு போட்டிருக்கிறதையும் கடைசியா எப்ப திருத்தினாங்கன்னும் படிங்க. மோதல் பத்தி ஆசிரியர் எதுவும் எழுதியிருந்தா அதை ரெண்டு தடவை படிங்க.
- ஒரு நேரத்துல ஒரு மாட். போட்டுட்டு அரை மணி நேரம் ஆடுங்க. அப்புறம் அடுத்தது.
- முக்கியமான எடத்துல மெனுவுக்குப் போய் புது சேவ் போடுங்க. குவிக் சேவை மட்டும் நம்பாதீங்க.

கேம் தாங்குற எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கு. ஒவ்வொரு ப்ளக்-இன்னுக்கும் ரெண்டு ஹெக்ஸ் இலக்கத்துல ஒரு அடையாளம். அதுல ரெண்டு எண் வேற வேலைக்குப் போக, முழு அளவு ப்ளக்-இன் 254 தான் போட முடியும். லைட் ப்ளக்-இன்னுன்னா 4096 வரைக்கும் போகலாம். ஆனா சொல்றேன், பேப்பர் வச்சு ஆடினா அந்த வரம்பு பக்கமே போக மாட்டீங்க.

எப்படித் தெரியும்? போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப தம்பியே கேட்டான், "அண்ணே, அந்த கேம் இன்னும் வச்சிருக்கியா?"ன்னு. இப்ப வேலைக்குப் போறான், சொந்த லேப்டாப் வாங்கிட்டான். இந்தத் தடவை அன்அஃபிஷியல் பேட்ச் மட்டும் போட்டுக் குடுத்துட்டு, கூடவே ஒரு பழைய நோட்டுல இருந்து தாள் கிழிச்சுக் குடுத்தேன். இருபது மணி நேரத்துல 11 புகார் எழுதியிருந்தான்.

அதுல நாலுக்கு கேமுக்குள்ளயே பதில் இருந்துச்சு. "சாமான் தூக்க முடியல, 300-க்கு மேல ஏற மாட்டேங்குது, டிராகன் எலும்பு ஒண்ணே 15 எடை"ன்னு எழுதியிருந்தான். எடை மாட் போட இருந்தேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு, சாலிட்யூட் பக்கம் மலையில ஸ்டீட் ஸ்டோன்னு ஒரு கல் இருக்கு, அதைத் தொட்டா 100 கூடும். "அங்க போய்ப் பாருடா"ன்னேன். போற வழியில அவனுக்கு ரெண்டு குகை கிடைச்சது. மாட் போட்டிருந்தா அந்த ரெண்டு குகையும் போயிருக்கும்.

மூணு புகார் எதுக்கு எழுதினான்னு அவனுக்கே மறந்து போச்சு. மிச்சம் நாலு. மெனு பாத்தாலே கோவம் வருது: எஸ்கேஎஸ்இ போட்டு ஸ்கை-யூஐ. வரைபடத்துல பாதை தெரியல: எ குவாலிட்டி வேர்ல்ட் மேப். காவலாளி எல்லாரும் ஒரே டயலாக்கையே சொல்றாங்க: கார்ட் டயலாக் ஓவர்ஹால். கயிறு, சங்கிலி எல்லாம் கட்டை கட்டையா இருக்கு: ஸ்டாட்டிக் மெஷ் இம்ப்ரூவ்மெண்ட் மாட். முடிஞ்சுது கதை.

என் கணக்கையும் சொல்லிடறேன். ஸ்டீம்ல ஸ்கைரிம்னு 400 மணி நேரம் காட்டுது. அதுல பாதி, மாட் சோதிக்க அந்தக் குதிரை வண்டியில உக்காந்திருந்த நேரம். மெயின் கதையோட வில்லன் அல்டுயினை நான் இன்னைக்கு வரைக்கும் கொன்னதில்ல. தம்பி போன மாசம் கொன்னுட்டான்.

நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒயிட்ரன் வீடு, அடுப்புப் பக்கத்துல சோஃபி நிக்குது. கீழ "முனியாண்டி 2, புள்ள பத்திரமா இருக்குண்ணே"ன்னு போட்டிருந்தான். நானும் என் 140-ஐத் தூக்கிட்டு, ஒரு தாளும் பேனாவும் எடுத்து வச்சிருக்கேன். இந்த சனிக்கிழமை ஆரம்பம்.

டிஸ்கி: டீம்ல கேட்ட பையனுக்கும் தாள்தான் குடுத்தேன். "ஜி, நக்கல் பண்றீங்களா?"ன்னு முறைச்சுட்டுப் போயிருக்கான். இருபது மணி நேரம் ஆடிட்டு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்.